பழைய ஒலிக்கருவிக்குப் புதிய சரவுண்ட் ஒலி: எந்த வழியில் மாற்றுவது?

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நல்ல ஆம்ப்ளிஃபயரும் அதற்கேற்ற ஸ்பீக்கர்களும் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்க, புதிய தொலைக்காட்சியோடு இணைக்க வழி தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை ஒதுக்கி வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. கூம்பின் ஓரத்தில் உள்ள நுரை வளையம் உளுத்துப்போகாத வரை, ஒரு ஸ்பீக்கர் அன்று செய்த அதே வேலையை இன்றும் செய்யும். ஒலி வந்து சேரும் பாதைதான் மாறியிருக்கிறது. இன்றைய தொலைக்காட்சிகளின் பின்பக்கத்தில் எச்.டி.எம்.ஐ. துளைகளும் பெரும்பாலும் ஓர் ஆப்டிகல் துளையும் இருக்கின்றன. சிவப்பு, வெள்ளை நிற ஆர்.சி.ஏ. ஒலி வெளியீடு பல மாடல்களில் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கப் பல வகைக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை, என் தேர்வையும் காரணத்தையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘டிஜிட்டலை அனலாகாக மாற்றுவது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் காரியத்துக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன. டால்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். முறையில் சுருக்கிக் கட்டப்பட்ட ஒலியைப் பிரித்து, முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, தாழ்ந்த அதிர்வுகளுக்கான தனிச் சேனல் என ஆறாக எடுப்பது முதல் வேலை. இதையே டிகோட் செய்தல் என்கிறோம். கேட்பவரைச் சூழ்ந்து ஒலிக்கும் ஐந்து சேனல்களும் தாழ்ந்த அதிர்வுகளுக்கான அந்த ஒன்றும் சேர்ந்ததே 5.1 சரவுண்ட் ஒலி. அப்படிப் பிரிந்து, பி.சி.எம். என்னும் சுருக்கப்படாத எண் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு சேனலையும் ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் மின்னலையாக ஆக்குவது இரண்டாவது வேலை. ‘டாக்’ என்ற பெயரில் விற்கப்படும் சிறிய பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வேலையை மட்டும், அதுவும் இரண்டு சேனல்களுக்கு மட்டும், செய்பவை. வாங்கி வந்து ஏமாற்றமடைந்தவர்களில் பலர், முதல் வேலையையும் அந்தப் பெட்டியே செய்துவிடும் என்று நம்பியவர்கள்தாம்.

அடுத்து, பாதையின் அகலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தோஷிபா நிறுவனம் 1983இல் அறிமுகப்படுத்திய ஆப்டிகல் இணைப்பும், அதே சமிக்ஞையைச் செம்புக் கம்பியில் கொண்டுசெல்லும் கோஆக்சியல் இணைப்பும் இரண்டு சேனல் பி.சி.எம். ஒலிக்காக வகுக்கப்பட்டவை. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்று கணக்கிட்டால் இரண்டு சேனலுக்குச் சுமார் 1.5 மெகாபிட் ஆகிறது. டிவிடியில் அதிகபட்சம் 448 கிலோபிட், புளூரேயில் 640 கிலோபிட் வேகத்தில் வரும் டால்பி டிஜிட்டலும், 1,509 கிலோபிட் வேகத்தில் வரும் முழு அளவு டி.டி.எஸ். ஒலியும் அந்த இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் சுருக்கப்படாத 24 பிட் ஆறு சேனல் ஒலிக்குச் சுமார் 6.9 மெகாபிட் தேவை. அது ஆப்டிகல் வழியே போகாது. டால்பி ட்ரூஎச்டி, டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ ஆகிய இழப்பற்ற வடிவங்களும், ஓடிடி சேவைகள் பெரிதும் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவமும் அவ்வாறே. எச்.டி.எம்.ஐ. இணைப்போ எட்டுச் சேனல் பி.சி.எம். ஒலியைத் தாங்கும். ஆகவே ஆப்டிகல் வழியைத் தேர்ந்தெடுப்பவர், சுருக்கிய 5.1 ஒலியே தமக்குப் போதும் என்று அறிந்தே தேர்ந்தெடுக்கிறார். சாதாரண அறையில், நடுத்தர ஸ்பீக்கர்களோடு, அது பெரும்பாலானோருக்குப் போதுமானது என்பதே என் கருத்து.

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் கருவியைத் திருப்பி அதன் பின்பக்கத்தை ஒரு விளக்கொளியில் நிதானமாகப் பாருங்கள். முடிவில் பாதி அங்கேயே எழுதப்பட்டிருக்கும். டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். முத்திரைகளும் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் உள்ளீடும் அதில் இருந்தால், டிகோடர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள் போதும், மாற்றும் பெட்டி எதுவும் வேண்டாம். 2000ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த சரவுண்ட் ரிசீவர்கள் (உள்ளீடுகளைத் தேர்ந்தெடுக்கும் பகுதியும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக அமைந்த பெட்டிகள்) பல இந்த வகை. தங்களிடம் இருப்பது இதுதான் என்று தெரியாமலேயே தனி டிகோடருக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

டிஜிட்டல் உள்ளீடு இல்லாமல், ஆறு ஆர்.சி.ஏ. துளைகள் ஒரே கட்டத்துக்குள் வரிசையாக இருந்தால், உங்களிடம் ஆறு சேனல் அனலாக் உள்ளீடு இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், டிகோடர் தனிப் பெட்டியாக வரும் என்ற எதிர்பார்ப்பில் இந்தத் துளைகளை வைத்தார்கள். பிறகு டிவிடி-ஆடியோ, சூப்பர் ஆடியோ சிடி வட்டுகளுக்காகவும் அவை தொடர்ந்தன. இந்த வகைக் கருவிக்குத்தான் ஒப்பிட வேண்டிய வழிகள் அதிகம். அதற்கு முன், இரண்டு சேனல் உள்ளீடு மட்டுமே உள்ளவர்களின் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சேனல் உள்ளீடு மட்டும் இருந்தால்

இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர் 5.1 டிகோடரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொலைக்காட்சியிலோ பிளேயரிலோ ஒலி அமைப்புக்குள் சென்று, டிஜிட்டல் வெளியீட்டை ‘பி.சி.எம்.’ என்று மாற்றிவிட்டால், அந்தக் கருவியே ஆறு சேனல்களையும் இரண்டாகக் கலந்து அனுப்பிவிடும். அதன் பிறகு எளிய டாக் ஒன்றே போதும். கலக்கும்போது நடுச் சேனல் மூன்று டெசிபல் குறைக்கப்பட்டு இரண்டு பக்கமும் சேர்கிறது, பின் சேனல்கள் அந்தந்தப் பக்கத்தோடு கலக்கின்றன, தாழ்ந்த அதிர்வுகளுக்கான தனிச் சேனல் வழக்கமாக விடப்பட்டுவிடுகிறது. வெடிச் சத்தத்தின் அடித்தளம் சற்று மெலிந்து கேட்பதற்குக் காரணம் இதுவே. உங்கள் ஸ்பீக்கரின் குறை அன்று.

இந்த அமைப்பை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். டால்பியோ டி.டி.எஸ்ஸோ சுருக்கிய நிலையிலேயே வந்து சேரும்போது, டிகோட் செய்யத் தெரியாத டாக் ஒன்று மௌனமாக இருக்கும், அல்லது அந்த எண்களையே ஒலி என்று நினைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்ற கடும் இரைச்சலாக வெளியிடும். உச்ச அதிர்வுகள் நிறைந்த அந்த இரைச்சல் ஒலி அளவு கூட்டி வைத்திருந்த நேரத்தில் வந்தால் ட்வீட்டரை, அதாவது ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சிறு பகுதியை, கெடுத்துவிடக்கூடும். எனவே முதன்முறை இணைக்கும்போது ஒலி அளவை முழுவதும் குறைத்து வைத்துவிட்டுப் பிறகு மெல்லக் கூட்டுவதே முறை.

இரண்டு சேனல் உள்ளீடுதான், ஆனால் உள்ளே டால்பி புரோ லாஜிக் இருக்கிறது என்றால், நிலைமை இன்னும் இனிமையானது. 1987இல் வந்த புரோ லாஜிக், இரண்டு சேனலுக்குள் மறைத்து வைக்கப்பட்ட நடு ஒலியையும் சரவுண்ட் ஒலியையும் பிரித்தெடுக்கும் அனலாக் காலத்து உத்தி. பல டிவிடி, புளூரே பிளேயர்களின் அமைப்புப் பட்டியலில், இரண்டாகக் கலக்கும் முறைக்கு ‘ஸ்டீரியோ’, ‘சரவுண்ட்’ என்று இரண்டு தெரிவுகள் உண்டு. சில கருவிகளில் இரண்டாவது ‘எல்.டி./ஆர்.டி.’ என்று குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பின் சேனல்களின் அலைக் கட்டம் (ஃபேஸ்) மாற்றப்பட்டு, புரோ லாஜிக் அடையாளம் காணும் வகையில் கலக்கப்படுகின்றன. நடு ஸ்பீக்கரிலிருந்து வசனமும் பின்னாலிருந்து சூழல் ஒலியும் வந்துவிடும். மூல புரோ லாஜிக்கில் பின் ஒலி ஒற்றைச் சேனல். 7 கிலோஹெர்ட்சுக்கு மேல் வெட்டப்பட்டது. 2000இல் வந்த புரோ லாஜிக் 2 இந்த இரண்டு குறைகளையும் நீக்கியது. மலிவான ஒரு டாக்கும் ஓர் அமைப்பு மாற்றமும் இவ்வளவு தருவதை, பெரிய செலவுக்கு முன் ஒருமுறையேனும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆறு சேனல் உள்ளீட்டுக்கான வழிகள்

இங்கே முதலில் கண்ணில் படுவது ஆப்டிகல், கோஆக்சியல் உள்ளீடும் ஆறு அனலாக் வெளியீடும் கொண்ட சிறிய 5.1 டிகோடர் பெட்டி. எளிது, சிறிது, இருக்கும் தொலைக்காட்சியோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆப்டிகல் கேபிளில் ஒளி மட்டுமே போவதால், இரண்டு கருவிகளின் தரை இணைப்பு ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ‘ஹம்’ என்ற மின் இரைச்சல் அந்த வழியாக வராது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இது சிறிய நன்மையன்று. தொலைக்காட்சிக்குள்ளேயே ஓடும் ஓடிடி செயலிகள் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் தரும் ஒலியைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றி ஆப்டிகலில் விடுகின்றன. புளூரே வட்டில் ட்ரூஎச்டி ஒலியோடு ஒரு டால்பி டிஜிட்டல் பிரதியும், டி.டி.எஸ்.-எச்.டி. ஒலிக்குள் சாதாரண டி.டி.எஸ். உட்கருவும் இருப்பதால், அங்கும் 5.1 கிடைத்துவிடும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வெளிக் கருவியை எச்.டி.எம்.ஐ. வழியே தொலைக்காட்சியில் செருகி, அங்கிருந்து ஆப்டிகலை எடுத்தால், பல தொலைக்காட்சிகள் அதை ஸ்டீரியோவாகக் குறைத்துவிடும், டி.டி.எஸ். ஒலியை அறவே விடாத மாடல்களும் உண்டு. பிளேயரில் தனி ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதையே நேராக டிகோடருக்குக் கொண்டுசெல்வது பாதுகாப்பு.

இரண்டாவது வழி, அனலாக் 5.1 வெளியீடு கொண்ட எச்.டி.எம்.ஐ. எக்ஸ்ட்ராக்டர். இது பிளேயருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே அமர்ந்து, படத்தை அப்படியே முன்னே அனுப்பிவிட்டு ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும். மூலக் கருவி தானே டிகோட் செய்து பல சேனல் பி.சி.எம். அனுப்பக்கூடியது என்றால், இழப்பற்ற ஒலியை முழுத் தரத்தில் பழைய கருவிக்குக் கொண்டுவர இதுவே நேரான பாதை. புளூரே பிளேயர்களால் இது முடியும். ஆப்பிள் டிவி 4கே இயல்பாகவே இப்படித்தான் அனுப்புகிறது. டால்பி ஒலியைக் கட்டு அவிழ்க்காமல் வெளியே தள்ளும் ஸ்ட்ரீமிங் குச்சிகளோடு பயன்படுத்துவதானால், எக்ஸ்ட்ராக்டரே டிகோட் செய்யுமா என்று பார்த்து வாங்க வேண்டும். பி.சி.எம். மட்டும் ஏற்கும் எக்ஸ்ட்ராக்டர்களும் விற்பனையில் இருக்கின்றன. பெட்டியின் மேல் ‘5.1’ என்று அச்சிட்டிருப்பது இந்தக் கேள்விக்கு விடையாகாது.

எக்ஸ்ட்ராக்டரில் மற்றொரு நுணுக்கம், ‘ஈடிஐடி’ என்ற சிறு சுவிட்ச். ‘இந்தந்த வகை ஒலியை என்னால் ஏற்க முடியும்’ என்று மூலக் கருவிக்குக் காட்டப்படும் சீட்டு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சுவிட்ச் ‘பாஸ்’ நிலையில் இருந்தால் தொலைக்காட்சியின் சீட்டுதான் மூலக் கருவிக்குப் போகும். தொலைக்காட்சி ஸ்டீரியோ என்று சொன்னால் வருவதும் ஸ்டீரியோவே. நான்கு ஸ்பீக்கர்கள் ஊமையாக இருக்க, பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் புறப்படும் முன், இந்தச் சுவிட்சை ‘5.1’ நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். 4கே படம் பார்ப்பவர்கள் எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பை ஏற்கும் எக்ஸ்ட்ராக்டரையே தேட வேண்டும். இல்லாவிட்டால் ஒலியும் படமும் சேர்ந்தே மறைந்துபோகலாம்.

மூன்றாவது வழி, 5.1 அல்லது 7.1 அனலாக் வெளியீடு கொண்ட புளூரே பிளேயர். ஓப்போ நிறுவனத்தின் யூடிபி-205 இந்த வகையின் உச்சம் எனலாம். அந்நிறுவனம் 2018இல் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்திவிட்டதால், இப்போது பழைய பொருளாகவே தேட வேண்டும். அவ்வளவு உயரத்துக்குப் போகாவிட்டாலும், ஆறு ஆர்.சி.ஏ. வெளியீடு கொண்ட எளிய பிளேயர்களும் ஒரு காலத்தில் பல வந்தன. வட்டுகளை விரும்பிச் சேர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. இதை நான் மேலே வைப்பதற்கான காரணம் டாக்கின் தரத்தைப் பற்றியதன்று, பேஸ் மேலாண்மையைப் பற்றியது.

அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கும் முன் யாரும் கேட்காத, வாங்கிய பின் எல்லோரும் உணரும் சங்கதி இது. சிறிய ஸ்பீக்கர்களால் ஆழ்ந்த பேஸ் ஒலியைத் தர முடியாது. எனவே வழக்கமாக 80 ஹெர்ட்சை ஒட்டிய ஓர் எல்லை வகுத்து, அதற்குக் கீழுள்ள ஒலியை எல்லாச் சேனல்களிலிருந்தும் சேகரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் பொறுப்பை ரிசீவர் ஏற்கிறது. ஆனால் பழைய ரிசீவர்களின் ஆறு சேனல் உள்ளீடு பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை. அங்கே வரும் ஒலி நேராக ஒலி அளவுக் கட்டுப்பாட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் போய்விடும். டிகோடர் பெட்டியும் இந்த வேலையைச் செய்யாவிட்டால் (மலிவான பெட்டிகள் பலவும் செய்வதில்லை) சிறிய ஸ்பீக்கரால் தர முடியாத பேஸ் எங்கும் ஒலிக்காமல் தொலைந்துபோகும். சப்வூஃபருக்கு வருவது, தாழ்ந்த அதிர்வுகளுக்கென்று ஒதுக்கிய அந்த ஒரு சேனல் மட்டுமே. அனலாக் வெளியீடு கொண்ட பிளேயர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் பெரியதா சிறியதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்று அமைக்க இடமுண்டு. ரிசீவர் கைவிட்ட வேலையைப் பிளேயர் எடுத்துக்கொள்கிறது. தூரமும் முக்கியமே: ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது, ஆகவே பின் ஸ்பீக்கர் ஒரு மீட்டர் நெருக்கமாக இருந்தால் அதன் ஒலியைச் சுமார் 3 மில்லி நொடி தாமதப்படுத்தினால்தான் எல்லாம் ஒருசேர வந்து சேரும். முன் ஸ்பீக்கர்கள் தரையில் நிற்கும் பெரிய வகையாக இருப்பவருக்கு இந்தக் கவலை பாதியாகக் குறைந்துவிடும். அவர் எளிய டிகோடர் பெட்டியையே தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கணினியும் ஒரு வழிதான். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிற 3.5 மி.மீ. துளைகள் கொண்ட சவுண்ட் கார்டு, அல்லது யூஎஸ்பி வழி 5.1 பெட்டி ஒன்று போதும், வி.எல்.சி., கோடி போன்ற இலவச மென்பொருள்கள் அநேகமாக எல்லா ஒலி வடிவங்களையும் தாமே பிரித்துவிடும். கோப்புகளாகச் சேமித்த படங்களை அதிகம் பார்ப்பவருக்கு இதுவே சிக்கனமானது. ஆனால் குடும்பத்தில் எல்லோரும் ரிமோட்டை எடுத்து அழுத்தினால் ஓட வேண்டும் என்றால், இது தொல்லை.

கடைசியாக, பழைய கருவியைப் பாதி மட்டும் வைத்துக்கொள்ளும் வழி. எச்.டி.எம்.ஐ. உள்ள ரிசீவர் ஒன்றை, அடுத்தவர் பயன்படுத்தியதாக இருந்தாலும், வாங்கி, அதன் ‘பிரீ அவுட்’ வெளியீடுகளை (ஆற்றல் பெருக்கப்படும் முன் ஒலியை வெளியே தரும் துளைகளை) பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாம். டிகோடிங், பேஸ் மேலாண்மை, தாமதம், ஒலி அளவு அனைத்தையும் புதியது பார்த்துக்கொள்ளும். பழையது தனக்குத் தெரிந்த ஒரே வேலையான ஆற்றல் பெருக்கத்தைச் செய்யும். பொதுவான ஒலி அளவுக் கட்டுப்பாடு இல்லாத மூன்று தனித்தனி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களைச் சேர்த்து 5.1 அமைக்க நினைப்பவருக்கு, ஆறு சேனல்களையும் ஒரே குமிழில் கூட்டிக் குறைக்கும் இந்த வழியே சரியானது என்று உறுதியாகச் சொல்வேன். பழைய ரிசீவரின் மின்சுற்று ஏற்கெனவே தடுமாறத் தொடங்கியிருந்தாலும், டிகோடர் பெட்டியில் போடும் பணத்தை இதில் போடுவதே மேல்.

ஆக, என் தேர்வு இப்படி அமையும். ஆறு சேனல் உள்ளீடும், பெரிய முன் ஸ்பீக்கர்களும், தொலைக்காட்சிக்குள் ஓடும் ஓடிடியும் என்றால் ஆப்டிகல் டிகோடர் பெட்டி. வட்டுப் பிரியர் என்றால் அனலாக் வெளியீடு கொண்ட பிளேயர். பி.சி.எம். அனுப்பும் வெளிக் கருவியே முதன்மை என்றால் எச்.டி.எம்.ஐ. எக்ஸ்ட்ராக்டர். எல்லா ஸ்பீக்கர்களும் சிறியவை, மூலங்களோ பல என்றால், மாற்றும் பெட்டிகளை விட்டுவிட்டு எச்.டி.எம்.ஐ. ரிசீவரைத் தேடுங்கள், ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் இணைத்த முதல் நாளில் இரண்டு சரிபார்ப்புகள் உண்டு. தாழ்ந்த அதிர்வுகளுக்கான சேனல் பத்து டெசிபல் குறைவாகப் பதிவு செய்யப்பட்டு, ஒலிக்கும்போது அதே அளவு கூட்டப்பட வேண்டும் என்பது வகுக்கப்பட்ட முறை. டிகோடரும் கூட்டாமல், ரிசீவரின் ஆறு சேனல் உள்ளீடும் கூட்டாமல் விட்டால் சப்வூஃபர் சோர்ந்து ஒலிக்கும். ரிசீவரில் இதற்கென்று அமைப்பு இருந்தால் அதையே மாற்றுங்கள். சப்வூஃபரின் குமிழைத் திருப்பிச் சரிசெய்தால், அதே சப்வூஃபர் வழியாகச் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது பத்து டெசிபல் கூடுதலாக முழங்கும். இரண்டாவது, 5.1 சோதனை ஒலிக்கோப்பு ஒன்றை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் முறையில் பேசுகிறதா என்று கேளுங்கள். நடுச் சேனலையும் சப்வூஃபரையும் ஒரே 3.5 மி.மீ. துளையில் தரும் பெட்டிகளில் அவ்விரண்டும் இடம் மாறி வருவது உண்டு. வசனம் சப்வூஃபரில் முணுமுணுத்தால், அந்த இரண்டு கேபிள் முனைகளையும் மாற்றிச் செருகினால் போதும்.